கழலையை வெட்டிய காலமும் ரத்தத்தைப் படிக்கும் காலமும்

ஜப்பானின் தெற்குத் தீவான கியூஷுவில், ஃபுகுவோகா நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையில், நூறு ஆண்டுகளுக்கும் முன்பு நான்கு பெண்களின் தைராய்டு சுரப்பியை அறுத்து எடுத்தார்கள். நால்வரும் நடுவயதுக்காரர்கள். கழுத்தின் முன்புறம் வீங்கி, தொட்டால் கெட்டியாக இருந்தது. அந்தக் காலத்தில் இப்படியொரு கழலையைக் கண்ட மருத்துவருக்கு வேறு வழி கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் வெட்டித்தான் பார்க்க வேண்டும். புற்றாக இருந்துவிட்டால் என்ற பயம் வேறு. எடுத்த திசுவைச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தவர் ஹகாரு ஹஷிமோட்டோ. வயது முப்பதை ஒட்டி. அந்த மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் அணியைச் சேர்ந்தவர்.

தைராய்டுக்குள் இருக்க வேண்டாத கூட்டம் ஒன்றை அவர் அங்கே கண்டார். லிம்போசைட் எனப்படும் வெள்ளையணுக்கள் சுரப்பி முழுவதும் நிறைந்திருந்தன. வழக்கமாக நிணநீர்க் கணுக்களில் காணக்கூடிய வட்டத் திரள்கள் தைராய்டுக்குள்ளேயே உருவாகியிருந்தன. ஹார்மோன் செய்யும் நுண்ணறைகள் சுருங்கி, இடையிடையே நார்த்திசு படர்ந்திருந்தது. அதுவரை புத்தகங்களில் எழுதப்பட்ட எந்தத் தைராய்டு நோயோடும் இது பொருந்தவில்லை. லிம்போசைட் நிறைந்த கழலை என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டி, 1912-ல் ஜெர்மானிய அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் படங்களோடு நீண்ட கட்டுரை வெளியிட்டார்.

அந்த வெள்ளையணுக்கள் அங்கே ஏன் வந்தன என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை; அன்று உலகத்தில் யாரிடமும் இல்லை. மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்றவரை முதல் உலகப்போர் திருப்பி அனுப்பியது. ஊருக்குப் போய்த் தந்தை விட்டுச்சென்ற வைத்தியசாலையை நடத்தினார். இவர் கண்டது தனி நோயே இல்லை, வேறொரு கழலையின் தொடக்க நிலைதான் என்று மேற்கே பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இது தனி நோய்தான் என்று அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஆலன் கிரஹாம் 1931-ல் எடுத்துக்காட்டினார். மூன்றே ஆண்டுகளில், 1934-ல், டைபாய்டு காய்ச்சலில் ஹஷிமோட்டோ இறந்துபோனார். வயது 52. இன்று உலகம் முழுவதும் கோடிக்கணக்கான பெண்களின் மருத்துவக் கோப்புகளில் அவர் பெயர் இருக்கிறது. அதை அவர் அறிந்ததில்லை.

இன்று அதே நோய்க்குக் கத்தி தேவைப்படுவது அபூர்வம். முழங்கை மடிப்பில் ஒரு ஊசி, ஒரு குழாய் ரத்தம். மாலைக்குள் அல்லது மறுநாள் காலையில் முடிவு கைப்பேசிக்கு வந்துவிடுகிறது: டி.எஸ்.எச். இவ்வளவு, டி4 இவ்வளவு, ஆன்ட்டி டி.பி.ஓ. இவ்வளவு. கடைசியாக வரும் அந்த ஆன்ட்டி டி.பி.ஓ. என்ற எண்தான் இந்தக் கட்டுரையின் பொருள். உடல் தன் தைராய்டுக்கு எதிராகத் தானே செய்துகொள்ளும் ஆன்டிபாடியின் அளவு அது. அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று மருத்துவ உலகம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நம்பியது.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் பெரிய மனிதர் ஒருவர் இருந்தார். நோய் எதிர்ப்பியலின் முன்னோடியான பால் எர்லிக், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடுகளை வைத்துச் சோதனை செய்தார். ஒரு ஆட்டின் ரத்தத்தை இன்னொரு ஆட்டுக்குள் செலுத்தினால், பெற்றுக்கொண்ட ஆடு அந்த அந்நிய ரத்தத்தை அழிக்கும் ஆன்டிபாடியை உண்டாக்கியது. தன் சொந்தச் சிவப்பணுக்களை அழிக்கும் ஆன்டிபாடியை மட்டும் எந்த ஆடும் உண்டாக்கவில்லை. உடலுக்குத் தன்னைத் தானே நஞ்சாக்கிக்கொள்வதில் ஓர் அச்சம் இருக்கிறது என்று எர்லிக் விளக்கினார். அவர் சொன்னதில் நுணுக்கம் இருந்தது: அப்படிப்பட்ட ஆன்டிபாடி கேடு செய்யாமல் தடுக்கும் ஏற்பாடு உடலில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கருத்து. பின்னால் வந்தவர்கள் அதை இறுக்கிச் சட்டமாக்கிவிட்டார்கள். குளிர் பட்டால் தன் சிவப்பணுக்களையே உடைத்துக்கொள்ளும் ஒரு நோயை டோனாத்தும் லாண்ட்ஸ்டைனரும் 1904-லேயே விளக்கியிருந்தும், அது விதிவிலக்காக ஓரத்தில் கிடந்தது. பெரியவர் ஒருவரின் கூற்று பாடப்புத்தகத்தில் ஏறியபின் கண்ணெதிரே கிடக்கும் சான்றுகூடக் கண்ணில் படுவதில்லை. மருத்துவ வரலாற்றில் இது என்னை எப்போதும் வருத்துகிற விஷயம், ஏனென்றால் அந்த ஆண்டுகளிலெல்லாம் நோயாளிகள் இருந்தார்கள்.

அந்தச் சட்டம் உடைந்தது 1956-ல். மூன்று கண்டங்களில் மூன்று குழுக்கள், ஒரே ஆண்டில், ஒரே சுரப்பியை வைத்து அதை உடைத்தன.

முதலில் அமெரிக்காவின் பஃபலோ. அங்கே எர்ன்ஸ்ட் விடெப்ஸ்கியின் ஆய்வகத்தில் நோயல் ரோஸ் என்ற இளைஞர் வேலை பார்த்தார். விடெப்ஸ்கி ஜெர்மனியில் எர்லிக்கின் மரபில் பயின்றவர், யூதர் என்பதால் நாஜிகள் காலத்தில் நாட்டை விட்டு வெளியேறியவர். ரோஸுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, தைராய்டு தன் ஹார்மோனைச் சேமித்து வைக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுப்பது. முயலின் தைரோகுளோபுலினை, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் கலவையோடு சேர்த்து முயல்களுக்கே செலுத்தினார். எதுவும் நடக்கக் கூடாது என்பதுதான் ஆசிரியரின் மரபு. முயல்கள் ஆன்டிபாடி உண்டாக்கின. வேறு முயலின் புரதம் என்பதால் அப்படி ஆகியிருக்கலாம் என்ற ஐயத்தைத் தீர்க்க, ஒரு முயலின் தைராய்டில் ஒரு பாதியை எடுத்து, அதன் சாற்றை அதே முயலுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அப்போதும் ஆன்டிபாடி வந்தது. மிச்சமிருந்த பாதிச் சுரப்பியை வெட்டிப் பார்த்தால் லிம்போசைட்டுகள் நிறைந்திருந்தன. ஃபுகுவோகாவில் ஹஷிமோட்டோ வரைந்து காட்டிய அதே காட்சி. தன் ஆசிரிய மரபையே மறுக்கும் முடிவு என்பதால் விடெப்ஸ்கி அதைத் திரும்பத் திரும்பச் சோதித்த பிறகே வெளியிட்டார்.

இரண்டாவது லண்டன், மிடில்செக்ஸ் மருத்துவமனை. அங்கே ஹஷிமோட்டோ நோயாளிகளின் கழலையை அறுவை செய்துவந்த வான் ஹட்சனிடம் டெபோரா டோனியாக் என்ற பெண் மருத்துவர் உதவியாளராக இருந்தார். அவர் பிறந்தது 1912-ல், ஹஷிமோட்டோவின் கட்டுரை வெளியான அதே ஆண்டில். அந்த நோயாளிகளின் ரத்தத்தில் காமா குளோபுலின், அதாவது ஆன்டிபாடிகள் அடங்கிய புரதப் பகுதி, மிகுந்திருந்ததை அவர் கவனித்தார். எதற்கு எதிராக இத்தனை ஆன்டிபாடி? உயிர்வேதியியலாளர் ஐவன் ராய்ட்டும் பீட்டர் கேம்பெலும் சேர்ந்துகொண்டார்கள். நோயாளியின் ரத்த நீரை மனிதத் தைராய்டின் சாற்றோடு சேர்த்துப் பார்த்தார்கள். வெண்மையாகத் திரண்டு படிந்தது. அந்தப் படிவுக்கு ஒரே பொருள்தான்: அந்த நோயாளியின் ரத்தம் தைராய்டு சுரப்பியின் புரதத்தைப் பகையாக அடையாளம் கண்டிருக்கிறது. எத்தனை எளிய சோதனை! இதற்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்ற துணிவுதான் அதுவரை இல்லாதிருந்தது.

மூன்றாவது நியூசிலாந்தின் டுனெடின். இங்கே கதை நேர் எதிர்த் திசையில் போகிறது. ஹஷிமோட்டோ நோயில் சுரப்பி சோர்ந்து ஓய்கிறது. கிரேவ்ஸ் நோயில் அது வெறிகொண்டு சுரக்கிறது. படபடப்பு, எடை இழப்பு, கை நடுக்கம், சிலருக்குக் கண்கள் பிதுங்கி வெளித்தள்ளும். டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-லும், ஜெர்மனியின் மெர்ஸெபர்கில் கார்ல் ஃபான் பாசெடோ 1840-லும் இதை விவரித்திருந்தார்கள். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்ற கட்டளை ஹார்மோனை அளவுக்கு மீறி அனுப்புவதுதான் காரணம் என்று பலர் கருதினார்கள். டங்கன் ஆடம்ஸும் ஹெர்பர்ட் பர்வஸும் அதை அளக்கப் புறப்பட்டார்கள். கதிரியக்க அயோடினைத் தைராய்டில் ஏற்றிய கினிப் பன்றிகளுக்கு நோயாளியின் ரத்த நீரைச் செலுத்தி, எப்போது சுரப்பி தன் சரக்கை ரத்தத்தில் விடுகிறது என்று பார்த்தார்கள். டி.எஸ்.எச். செலுத்தினால் சில மணி நேரத்தில் உச்சம் வந்து அடங்கும். கிரேவ்ஸ் நோயாளியின் ரத்தம் செலுத்தியபோது உச்சம் வெகுநேரம் கழித்து வந்தது, நீண்டும் நின்றது. அது டி.எஸ்.எச். ஆக இருக்க முடியாது. வேறேதோ ஒன்று, டி.எஸ்.எச். செய்ய வேண்டிய வேலையை அதைவிட நெடுநேரம் செய்துகொண்டிருந்தது. அதுவும் காமா குளோபுலின்தான், ஓர் ஆன்டிபாடிதான் என்று தெளிவாக இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின.

அழிக்கும் ஆன்டிபாடியைக் கற்பனை செய்வது எளிது. தூண்டிவிடும் ஆன்டிபாடி? நோயெதிர்ப்புக்காக உண்டான ஒரு பொருள் ஓர் உறுப்பை அதிகமாக வேலை செய்ய வைக்கும் என்பது இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது.

இன்று இதன் உள்வேலை நன்றாகத் தெரியும். தைராய்டு செல் ஒவ்வொன்றின் மேலும் டி.எஸ்.எச். வந்து அமர ஓர் ஏற்பி இருக்கிறது. வீட்டு வாசலில் உள்ள அழைப்பு மணிப் பொத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். டி.எஸ்.எச். வந்து அழுத்துகிறது, உள்ளே வேலை நடக்கிறது, ஹார்மோன் போதிய அளவு வந்ததும் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் குறைத்துவிடுகிறது. மணி நிற்கிறது. கிரேவ்ஸ் நோயில் ஓர் ஆன்டிபாடி அதே பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சை முற்றாக நிறுத்தினாலும் பயனில்லை. ஆன்டிபாடி பிட்யூட்டரியின் பேச்சுக்குக் கட்டுப்பட்டதல்ல. அதனால்தான் இந்த நோயாளியின் அறிக்கையில் தைராய்டு ஹார்மோனான டி4, அதாவது தைராக்சின், ஏறியும் டி.எஸ்.எச். கிட்டத்தட்டப் பூஜ்யமாகவும் இருக்கும். சிலர் உடலில் இதே ஏற்பியின் மேல் வந்து உட்கார்ந்து, அழுத்தாமல் மறைத்துக்கொள்ளும் ஆன்டிபாடியும் உண்டாகிறது. உண்மையான டி.எஸ்.எச். வந்தாலும் அதற்கு இடமில்லை. சுரப்பி கெடாமலேயே வேலை நின்றுபோகிறது. அரிதாக, ஒரே நோயாளியிடம் தூண்டும் ஆன்டிபாடி ஒரு காலத்திலும் தடுக்கும் ஆன்டிபாடி இன்னொரு காலத்திலும் மேலோங்கி, தைராய்டு மிகையிலிருந்து குறைவுக்கும் குறைவிலிருந்து மிகைக்கும் மாறி மாறிச் செல்வதுண்டு.

இந்த ஆன்டிபாடி ஏற்பியில் ஒட்டுவதைச் சோதனைக் குழாயில் அளக்கும் முறையை ரீஸ் ஸ்மித்தும் ரெஜினால்ட் ஹாலும் 1974-ல் வெளியிட்டார்கள். 1989-ல் ஏற்பியின் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. 2003-ல் ஒரு கிரேவ்ஸ் நோயாளியின் லிம்போசைட்டிலிருந்தே தூண்டும் ஆன்டிபாடி ஒன்றைத் தனியாக எடுத்து வளர்த்தார்கள். அது ஏற்பியோடு பிணைந்திருக்கும் வடிவத்தை நான்கு ஆண்டுகளில் படிகமாக்கிப் படமெடுத்தபோது, டி.எஸ்.எச். அமரும் இடத்திலேயே ஏறக்குறைய அச்சாக அது அமர்ந்திருந்தது.

ஆன்ட்டி டி.பி.ஓ. வேறு வகை. அதை இதோடு ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இன்று பல வீடுகளில் வேண்டாத கவலை. டி.பி.ஓ. என்பது தைராய்டு பெராக்சிடேஸ், அயோடினை எடுத்துத் தைரோகுளோபுலினில் பதித்து ஹார்மோனாக்கும் நொதி. அதற்கு எதிரான ஆன்டிபாடி உடலில் இருந்தால் அந்த நொதி முடங்கிப்போய் ஹார்மோன் குறைகிறது என்று எவருக்கும் தோன்றும். நானும் நீங்களும் முதலில் நினைக்கக்கூடியது அதுதான். ஆனால் நடப்பது அப்படியில்லை. அந்த நொதி பெரும்பாலும் நுண்ணறையின் உட்பக்கம் பார்த்து இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடி, செல்கள் ஏற்கெனவே சேதமாகாத வரை, அதை எளிதில் எட்டுவதில்லை. இதற்கு இயற்கையே ஒரு சோதனை வைத்திருக்கிறது. கர்ப்பிணியின் ரத்தத்தில் உள்ள இந்த ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்குள் போகின்றன. அம்மாவிடம் ஆன்ட்டி டி.பி.ஓ. ஏராளமாக இருந்தாலும் குழந்தையின் தைராய்டு பழுதில்லாமல் வேலை செய்கிறது. ஏற்பியைத் தாக்கும் ஆன்டிபாடி போனாலோ நிலைமை வேறு. தூண்டும் வகை போனால் குழந்தை படபடக்கும் நெஞ்சோடு பிறக்கிறது. தடுக்கும் வகை போனால் தைராய்டு குறைவோடு பிறக்கிறது. உடன்பிறந்தவர்களுக்குப் பிறவியிலேயே தைராய்டு குறைந்து, பின்னர் தானாகச் சரியானதை 1980-ல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தபோது, காரணம் தாயின் இந்தத் தடுக்கும் ஆன்டிபாடி என்று தெரிந்தது. அம்மாவிடமிருந்து வந்த ஆன்டிபாடி சுமார் மூன்று வாரங்களுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். தீர்ந்ததும் குழந்தையின் சுரப்பி தன் பாட்டில் இயங்கத் தொடங்கிவிடும்.

அப்படியானால் ஹஷிமோட்டோ நோயில் சுரப்பியை அழிப்பது யார்? ஹஷிமோட்டோ பார்த்த அந்த லிம்போசைட்டுகள்தான், அவற்றுள்ளும் முக்கியமாக டி செல்கள். அவை தைராய்டு செல்களை நேரடியாகக் கொல்கின்றன. செல்கள் உடைந்து உள்ளிருப்பவை வெளிப்பட்ட பிறகு ஆன்டிபாடிகளும் அந்த அழிவில் சேர்ந்துகொள்கின்றன. அதனால் ஆன்ட்டி டி.பி.ஓ.வை உள்ளே ஒரு தாக்குதல் நடக்கிறது என்பதற்கான தடயமாகப் பார்ப்பதே சரி.

இந்த நோய் வராத இத்தனை பேரிடம் டி செல்களை எது கட்டி வைத்திருக்கிறது என்ற கேள்விக்கான விடையும் தைராய்டு வழியாகவே வந்தது. ஷிமோன் சகாகுச்சி 1995-ல் வெளியிட்ட ஆய்வில், மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் ஒரு குறிப்பிட்ட டி செல் வகையை நீக்கிவிட்டு மீதியை எலிகளுக்குள் செலுத்தியபோது, அந்த எலிகளுக்கு வந்த தன்னெதிர்ப்பு நோய்களில் தைராய்டு அழற்சியும் ஒன்று. 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அவர் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெலோடு பகிர்ந்துகொண்டார். உடலைத் தன்னிடமிருந்து காக்கும் ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்ற எர்லிக்கின் ஊகம் தவறில்லை. அந்த ஏற்பாடு தளர முடியும் என்பதைத்தான் அவருக்குப் பின் வந்தவர்கள் பார்க்க மறுத்தார்கள்.

நம் பக்கம் வருவோம். இந்தியாவில் கழலை என்றாலே ஒரு காலத்தில் அயோடின் குறைபாடுதான். இமயமலை அடிவாரத்துக் கிராமங்களில் கழுத்துவீக்கம் இல்லாத வீடு குறைவு. வி. ராமலிங்கசுவாமி தலைமையில் காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு தொடங்கியதும் அதே 1956-ல்தான். கழலை குறைந்தது. 1962-ல் அரசு கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அயோடின் உப்பு ஏறத்தாழ எல்லா அடுப்படியிலும் இருக்கிறது, தைராய்டு மாத்திரை சாப்பிடுவோரோ குறையவில்லை. காரணம் மாறிவிட்டது. சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 11 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைவு, ஆன்ட்டி டி.பி.ஓ. இருந்தவர்கள் ஏறத்தாழ 22 சதவீதம். அயோடின் போதிய அளவு கிடைக்கும் நாடுகளில் தன்னெதிர்ப்புதான் தைராய்டு குறைவுக்கு முதல் காரணம். அயோடின் கூடும்போது தைராய்டு ஆன்டிபாடி உள்ளவர்களின் விகிதமும் ஓரளவு கூடுவதை டென்மார்க் உள்ளிட்ட நாடுகளில் கண்டிருக்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு அயோடின் உப்பைத் தூக்கி எறிவோர் உண்டு, அது பெருந்தவறு. அயோடின் குறைந்தால் கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கே கேடு.

மேலே சொன்ன 11, 22 என்ற இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆன்டிபாடி உள்ளவர்களில் பெரும்பகுதியினருக்கு இன்னும் தைராய்டு குறையவில்லை. அவர்கள் யார்? நோயாளியா, இல்லையா? இதற்கு நல்ல விடை இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள விக்கம் என்ற ஊர்ப் பகுதியிலிருந்து வந்தது. 1970-களின் தொடக்கத்தில் அங்குள்ள மக்களைச் சோதித்து, இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் தேடிப்போய்ப் பார்த்தார்கள். ஆன்டிபாடியும் உயர்ந்த டி.எஸ்.எச்.சும் இரண்டுமே இருந்த பெண்களில் ஆண்டுக்கு நூற்றில் நான்கு பேருக்குச் சற்று மேல் தைராய்டு குறைவுக்குப் போனார்கள். ஆன்டிபாடி மட்டும் இருந்தவர்களில் ஆண்டுக்கு நூற்றில் இரண்டு பேர். அதாவது தைராய்டு குறைவு வரக்கூடும் என்று ஆன்டிபாடி சொல்கிறது; வந்துவிட்டது என்று சொல்வதில்லை.

இதைச் சொல்லாமல் அறிக்கையை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதுதான் இன்றைய கொடுமை. திருமணத்துக்கு முன்போ, குழந்தை தங்கவில்லை என்றோ ஒரு பெண் ரத்தம் கொடுக்கிறாள். ஆன்ட்டி டி.பி.ஓ. 600 என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கிறார்கள், 750. நோய் முற்றிவிட்டது என்று வீடே இடிந்துபோகிறது. முட்டைக்கோஸை நிறுத்து, காலிஃபிளவரைத் தொடாதே என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருமுறை ஆன்டிபாடி இருப்பது தெரிந்துவிட்டால் அந்த எண்ணை மீண்டும் மீண்டும் அளப்பதில் பெரும்பாலும் பயனில்லை. அதைக் குறைப்பது சிகிச்சையின் நோக்கமும் இல்லை. பார்க்க வேண்டியது டி.எஸ்.எச்., ஆண்டுக்கு ஒரு முறை, கர்ப்பம் என்றால் அடிக்கடி. சமைத்த முட்டைக்கோஸ் வழக்கமான அளவில் யாருக்கும் கேடு செய்வதில்லை. ஆன்டிபாடி இருந்து, தைராய்டு சரியாகவே இயங்கும் பெண்களுக்கு முன்கூட்டியே தைராக்சின் கொடுத்தால் குழந்தை தங்குமா என்று பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2019-ல் வந்த முடிவு: மாத்திரை சாப்பிட்டவர்களில் 37.4 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 37.9 சதவீதத்தினருக்கு. வித்தியாசமே இல்லை.

கர்ப்ப காலத்தில் இந்த ஆன்டிபாடிகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. தொடக்கத்திலேயே ஆன்ட்டி டி.பி.ஓ. உள்ள பெண்களில் மூன்றில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரையிலானோருக்கு, பிரசவமான சில மாதங்களில் தைராய்டு தற்காலிகமாகத் தடுமாறுகிறது. முதலில் படபடப்பு, பிறகு அசதி, முடி உதிர்தல், மனச்சோர்வு. பிள்ளை பெற்றவள் என்றால் அசதி இருக்கத்தானே செய்யும் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு டி.எஸ்.எச். சோதனை அப்போது செய்தால் எத்தனையோ தாய்மார்களின் வேதனைக்குப் பெயர் கிடைக்கும். இதைவிட எளிதில் தவறிப்போகும் இன்னொன்று இருக்கிறது. கிரேவ்ஸ் நோய்க்காகப் பல ஆண்டுகளுக்கு முன் சுரப்பியை எடுத்துவிட்டவர், அல்லது கதிரியக்க அயோடின் குடித்தவர், இப்போது தைராக்சின் மாத்திரையில் நலமாக இருக்கிறார். சுரப்பி போனாலும் ஏற்பியைத் தூண்டும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கக்கூடும். அவரிடம் தாக்குவதற்குச் சுரப்பி இல்லை. வயிற்றில் உள்ள குழந்தையிடம் இருக்கிறது. ஆகவே கர்ப்பமானதும் அந்தப் பழைய வரலாற்றை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். தொடக்கத்திலும், ஆன்டிபாடி கூடுதலாக இருந்தால் 18 முதல் 22 வாரத்துக்குள்ளும் அளந்து பார்ப்பார்கள்.

சோதனைக்கூடம் இத்தனை வளர்ந்த காலத்தில் அதன் கண்ணையே மறைக்கும் பொருளும் வந்திருக்கிறது: முடி உதிர்வுக்கு விற்கும் பயோட்டின் மாத்திரை. நாளொன்றுக்கு உடலுக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம் அளவு. இந்த மாத்திரைகளில் 5 அல்லது 10 மில்லிகிராம். பல ரத்தச் சோதனைகள் பயோட்டினின் ஒட்டும் தன்மையை வைத்தே இயங்குபவை. ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாக உயர்ந்தும், ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி இல்லாமலே இருப்பதாகவும் முடிவு வரக்கூடும். ஒன்றுமில்லாத ஒருவர் அறிக்கைப்படி கிரேவ்ஸ் நோயாளி ஆகிவிடுகிறார். தைராய்டு குறைந்தால் முடி கொட்டும். முடி கொட்டினால் பயோட்டின் வாங்குவார்கள். ஆகவே தைராய்டு சோதனைக்கு வருபவர்களிடமே இது அதிகம் நிகழ வாய்ப்புண்டு. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு அதை நிறுத்திவிட வேண்டும். ஊசி குத்துமுன் ஒவ்வொரு கூடத்திலும் இதைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

மருந்துக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தைராய்டு ஓய்ந்தவர்களுக்கு ஒரு காலத்தில் மருந்தே இல்லை. முகம் உப்பி, புத்தி மந்தமாகி, குளிரில் நடுங்கி மெல்ல இறந்தார்கள். 1891-ல் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியால் செலுத்தினார். அவர் அதன் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-ல் கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார், 1927-ல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதைச் செயற்கையாகச் செய்துகாட்டினார்கள். இன்றைய மாத்திரை மலிவானது, நன்றாக வேலை செய்வது. காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, காபிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இந்தப் பொறுமை இல்லாததால்தான் பலருக்கு மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போகிறது.

கிரேவ்ஸ் நோயில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள தொலைவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அறுவை சிகிச்சை தியோடர் கோக்கர் காலத்தது. தைராய்டு பற்றிய பணிக்காக அவர் 1909-ல் நோபல் பரிசு பெற்றார். கதிரியக்க அயோடினை 1941-ல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் முதன்முதலாக நோயாளிக்குக் கொடுத்தார். சுரப்பதைத் தடுக்கும் மாத்திரை வகையை 1943-ல் ஆஸ்ட்வுட் அறிமுகப்படுத்தினார். இன்றைய கார்பிமசோல் அந்த வழியில் வந்தது. ஆன்டிபாடிதான் காரணம் என்று தெரிவதற்கு முன்பே இருந்த இந்த மூன்றும்தான் இன்றைக்கும் சிகிச்சை. மூன்றும் சுரப்பியைத்தான் அடக்குகின்றன அல்லது அகற்றுகின்றன. ஆன்டிபாடியை நேரடியாக நிறுத்துவது எதுவுமில்லை. கண் பிதுங்கும் பாதிப்புக்கு மட்டும் டெப்ரோடுமுமாப் என்ற மருந்து 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவே ஓர் ஆன்டிபாடி, கண்குழியில் உள்ள இன்னொரு ஏற்பியைத் தடுப்பது. விலை சாதாரணக் குடும்பம் எட்ட முடியாதது. புகைபிடித்தால் இந்தக் கண் பாதிப்பு கடுமையாகும் என்பதால், அதை நிறுத்துவது இன்றைக்கும் செலவில்லாத முதல் சிகிச்சை.

சுரப்பதைத் தடுக்கும் அந்த மாத்திரையைப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் சாப்பிட்டு நிறுத்தியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. நிறுத்துமுன் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடியை அளக்கிறார்கள். இன்னும் கூடுதலாக இருந்தால் திரும்பும் வாய்ப்பும் கூடுதல், மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். ஆன்ட்டி டி.பி.ஓ. போலன்றி, இந்த ஆன்டிபாடியைத் திரும்ப அளப்பதற்குப் பொருள் இருக்கிறது. ரத்தத்தில் ஆன்டிபாடிகள் நீண்ட நாள் தங்கியிருக்க உதவும் ஓர் ஏற்பியைத் தடுத்து, அவற்றை விரைவாகச் சிதையவைக்கும் மருந்துகள் இப்போது கிரேவ்ஸ் நோயாளிகளிடம் சோதிக்கப்படுகின்றன. அவை தேறினால், டுனெடினில் 1956-ல் கினிப் பன்றிகளின் வழியே தென்பட்ட அந்தப் பொருளையே குறிவைக்கும் மருந்து கைக்கு வரும். சுரப்பியை விட்டுவிட்டு நோயை மட்டும் தொடலாம்.